தீ மிதித்தவன் கால்

தீமிதி முடிந்த மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் சின்னையா குதிகாலை மட்டும் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என்ன என்று கேட்டால் சுளுக்கு என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் மூக்கைத் தேய்ப்பார். அன்று தேய்த்த தேய்ப்பில் மூக்கு கழன்று கையோடு வந்திருக்கும்.

பிடித்து உட்கார வைத்து, வலது காலைத் தூக்கி என் மடியில் வைத்துத் துணிக்கட்டைப் பிரித்தேன். அரைத்த மஞ்சளும் கோயில் சாம்பலும் உள்ளங்கால் முழுக்க அடையாகத் தடித்து அப்பியிருந்தன. ஓரத்தில் கொப்புளங்கள் எட்டிப் பார்த்தன. விரல்களுக்குக் கீழே தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடச் சீக்கிரம் கோபம் வந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. தீ மிதித்தவன் கால் வெந்தால் யாரும் நெருப்பைக் குறை சொல்ல மாட்டார்கள். அவன் விரதத்தைக் குறை சொல்வார்கள். அவன் விரதத்தில் குறையில்லை என்றால் அவன் பெண்டாட்டியைச் சொல்வார்கள். வீட்டில் கருவாடு வறுத்தாள், தீட்டோடு தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், பாயில் படுத்தாள் என்று ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். அதனால் வெந்த கால் வெளியே தெரியக்கூடாது. பால்குழியில் இறங்கி ஏறியதும் கோயிலுக்குப் பின்னால் கூட்டிப் போய் மஞ்சளையும் சாம்பலையும் குழைத்துப் பூசி, கட்டி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். நொண்டினால் சுளுக்கு. ஆறினால் ஆத்தாள் கருணை. ஆறாவிட்டால் ஆளை ஊருக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள்.

அந்த வருஷம் கப்பல் ஏற்றுவது சும்மா மிரட்டல் இல்லை. ரப்பர் விலை விழுந்து, பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு குறைந்து, வேலையில்லாத ஆட்களைக் கூட்டங்கூட்டமாக நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சின்னையா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். வேலு மண்டோரின் கூட்டத்தில் ஒருத்தர். ஆட்களைச் சேர்ப்பது, வேலை பிரிப்பது, நாளைக்கு யார் வரலாம் யார் வரக்கூடாது என்று சொல்வது எல்லாம் மண்டோர்தான். கோயில் தீமிதிக்கும் அவர்தான் தலைமை. எங்கள் சந்தில் மழை பெய்வதாக இருந்தாலும் அவரைக் கேட்டுக்கொண்டுதான் பெய்யும்.

சின்னையா தீ மிதித்தது எனக்காக. முந்தின வருஷம் எனக்கு மலைக்காய்ச்சல் வந்து பிழைப்பேனா என்று கிடந்தபோது வேண்டிக்கொண்டது. காப்புக் கட்டிய நாளிலிருந்து நானும் வெறுந்தரையில்தான் படுத்தேன். வீட்டில் ஒரு முட்டைகூட நுழையவில்லை. ஆத்தாளோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அவள்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கிறவர்களோடுதான் சண்டை.

கால் ஏன் வெந்தது என்று எனக்குத் தெரியும். பாசார் மூலையில் தோசை சுட்டு விற்கிறவள் நான், விறகு விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. எப்போதும் குழிக்கு ரப்பர் கட்டைதான் அடுக்குவார்கள். அது மளமளவென்று எரிந்து சாம்பலாகிவிடும். அந்த வருஷம் மண்டோர் தொங்கான் படகில் வந்து இறங்கிய பாக்காவ் கட்டையைக் குழியில் போடச் சொன்னார். கடலோரச் சேற்றில் வளர்கிற அந்த மரம் எரிந்தால் தணல் இரும்பு மாதிரி நிற்கும். விடியற்காலை அடுப்பில் வைத்தால் மத்தியானம் சாம்பலைக் கிளறும்போதும் உள்ளே கண் விழித்திருக்கும். அதன்மேல் மனிதனை நடக்கவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

நான் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டோரின் மனைவி நவமணி வந்தாள். கையில் ஒரு கிண்ணம் புது மஞ்சள். மண்டோர் கொடுத்தனுப்பியிருக்கிறார். பழையதின்மேல் இதையும் பூசு, துணியை இறுக்கிக் கட்டு, காற்றுப் படக்கூடாது, கேட்டால் சுளுக்கு என்று சொல் என்றாள். நவமணி கெட்டவள் இல்லை. அதிகம் பேசமாட்டாள். அன்று அவள் பேசியதெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பது மாதிரி இருந்தது.

கிண்ணத்தை வாங்கி மாடத்தில் வைத்தேன். பூசமாட்டேன் என்றேன்.

"கதவயாச்சும் சாத்திக்க, வடிவு. யாரும் பாத்தா ஒன்னத்தான் சொல்லுவாங்க" என்றாள்.

"சொல்லட்டும்லா" என்றேன்.

காலை எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் கைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொதிக்கிற கஞ்சித் தண்ணீர் முழங்கை வரை கொட்டிவிட்டது. பாசாரில் எல்லோரும் வைத்தியர்கள். சீனர் சமையலுக்கு ஊற்றுகிற கருப்புக் கிச்சாப்பை எடுத்து ஒருத்தர் ஊற்றினார், அதன்மேல் ஒருத்தர் மாவைத் தூவினார். கையைப் பார்த்தால் வறுக்கத் தயாராக ஊறவைத்த கறி மாதிரி இருந்தது. மிஷன் மருந்தகத்து நர்ஸ் மிஸ்ஸி அதையெல்லாம் கழுவி எடுப்பதற்குள் நான் கத்திய கத்தல் கடற்கரை வரை கேட்டிருக்கும். அவளும் கழுவிக்கொண்டே திட்டினாள். வெந்த உடனே சுத்தமான பச்சைத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டிருந்தாலே பாதி வேதனை போயிருக்கும், எதையாவது அப்பினால் அழுக்குதான் உள்ளே போகும் என்றாள். கொப்புளத்தை ஊசியால் குத்தாதே, அது அடியில் இருக்கிற புண்ணுக்குப் போர்வை என்றும் சொன்னாள். அவள் வாய் பொல்லாதது. ஆனால் கை ஆறியது.

கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவைத்தேன். என் கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை தேய்த்தேன். அவருடைய பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து வேகவைத்து வெயிலில் போட்டேன். மஞ்சள் அடை காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். அதனால் தண்ணீரை மெதுவாக ஊற்றி ஊற்றி, அதுவாக ஊறிக் கழன்று வருகிற வரை காத்திருந்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். முழுக்கக் கழுவியதும் காய்ந்த துணியைத் தளர்வாகச் சுற்றி, அரிசி மூட்டையின்மேல் காலை உயர்த்தி வைத்தேன். கதவைச் சாத்தவில்லை.

ஆனால் ஒரு ராத்திரி முழுக்கச் சாம்பலோடு கிடந்த கால் அது. அடுத்த நாள் கணுக்கால் வீங்கிப் பளபளத்தது. துணியில் சீழ் பட்டிருந்தது. உடம்பு கொதித்தது. கெண்டைக்கால் பக்கம் மேல்நோக்கி ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. என் கையில் அப்படி ஒரு கோடு வந்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்காதே, ஓடிவா என்று மிஸ்ஸி மிரட்டியிருந்தாள். இனி வீட்டு வைத்தியம் எதுவும் உதவாது, பெரிய ஆஸ்பத்திரிதான் என்று முடிவு செய்தேன்.

சின்னையா வரமாட்டேன் என்றார். இருட்டட்டும், அப்புறம் போகலாம் என்றார். நாலு பேர் பார்ப்பார்களாம். கால் போனால் நாற்பது பேர் வந்து பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய் ஒரு ரிக்சாவைக் கூப்பிட்டு வந்தேன்.

ரிக்சாக்காரச் சீனர் வெயிலுக்கு மூடியை ஏற்றிவிட்டார். மடக்கச் சொன்னேன். சின்னையாவைச் சாய்த்து உட்கார வைத்து, கட்டுப்போட்ட காலை என் மடியில் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். ஒளிக்கிறவள்தானே குற்றவாளி ஆவாள், நான் ஏன் ஒளிக்க வேண்டும் என்று ஒரு வெறி. எங்கள் சந்து முனையைக் கடந்து, மண்டோர் வீட்டைக் கடந்து, கோயில் வாசலைக் கடந்து பட்டப்பகலில் போனோம். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். யாரோ என் பெயரைச் சொல்லிக் காறித் துப்பினார்கள். சின்னையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கோயிலைப் பார்த்து ஒரு கையால் கும்பிட்டுவிட்டு, மறு கையால் காலை விடாமல் பிடித்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சீழை எடுத்து, அழுகிய தோலை வெட்டி, பல நாள் படுக்க வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கணுக்காலோடு எடுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அதை நான் சின்னையாவிடம் சொன்னபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தடியை ஊன்றிக்கொண்டு வீடு திரும்பிய அன்றே மண்டோரிடமிருந்து ஆள் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் முற்றத்தில் கூட்டம். வடிவம்மாள் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு கோயிலைச் சுற்றி வந்து, என்னால்தான் தோஷம் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் சின்னையாவை மூட்டை தூக்கும் கூட்டத்தில் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் ஊருக்குப் போகிறவர்கள் வரிசையில் சேர்ந்துகொள்ளலாம். என் குற்றம் என்ன என்று கேட்டதற்கு, பாசாரில் என் தோசைக் கல்லுக்குப் பக்கத்துக் கடையில் சீனன் பன்றி இறைச்சி விற்கிறான், அந்தக் காற்று என்மேல் பட்டிருக்கிறது என்றார்கள். அந்தக் காற்று தினமும் மண்டோர்மேலும் படுகிறது. அவரும் என்னிடம்தான் தோசை வாங்குகிறார்.

இதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. வலித்தது வேறு. சோறு போட்டுக்கொண்டிருந்தபோது சின்னையா தலையைக் குனிந்தபடியே, "ஒரு தடவ சுத்திட்டு வந்துடேன், வடிவு. என்ன கொறஞ்சிடப் போவுது?" என்றார்.

கரண்டியைக் கீழே வைத்தேன். "காலு வெந்தது ஒங்களுக்கு. ஈரப் பொடவ எனக்கா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. ஊர் என்னைக் குற்றவாளி என்று சொன்னால் நான் ஊரோடு மல்லுக்கட்டுவேன். இவரும் அதையே சொல்லிவிட்டால் யாரோடு போய் மல்லுக்கட்டுவது? ஞாயிற்றுக்கிழமை வரை எங்கள் அறையில் பாத்திரங்கள்தான் பேசின.

கோயில் முற்றத்தில் கூட்டத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம் நின்றார்கள். மஞ்சள் கரைத்த தண்ணீர்க் குடம் தயாராக இருந்தது. மண்டோர் விரித்த சமுக்காளத்தில் உட்கார்ந்து, ஆத்தாள் வாக்கு, ஊர்க்கட்டு, விரதத்தின் அருமை என்று நிறையப் பேசினார். பிறகு குடத்தைக் காட்டி, எடுத்து ஊற்றிக்கொள் என்றார்.

நான் குடத்தின் பக்கம் போகவில்லை. விரதத்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை, குழியில் ரப்பர் கட்டைக்குப் பதிலாகப் பாக்காவ் கட்டை போட்டது யார் என்று முதலில் கேளுங்கள் என்றேன். கூட்டம் சலசலத்தது. பெண்பிள்ளைக்கு இங்கே பேச்சு இல்லை என்று மண்டோர் அதட்டினார். பிறகு தந்திரமாகச் சின்னையாவின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, தகப்பன் மாதிரி, நீயே சொல்லப்பா, உன் பெண்டாட்டி விரதம் காத்தாளா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாளைக்கு வேலைக்கு வா என்றார்.

என் முகத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று புடவையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தேன். சின்னையா தடியை ஊன்றி எழுந்தார். எழுவதற்கு நேரம் பிடித்தது. அவருடைய கை மூக்கின் பக்கம் போகிறதா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை.

"அவ மேல குத்தம் இல்ல. என் மேலயும் இல்ல" என்றார். "நெருப்பு சுட்டுச்சு. அவ்வளவுதான்."

மண்டோருக்கு முகம் கறுத்தது. அப்படியானால் நாளையிலிருந்து உனக்கு இங்கே வேலை இல்லை, மூட்டையைக் கட்டு என்றார். சின்னையா சரி என்று தலையசைத்துவிட்டு, உட்காராமல் என் பக்கம் நடந்து வந்து நின்றார். வேலை போய்விட்டது, வேலையோடு கிடைத்த வீடும் போகப்போகிறது. அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அப்போது முன்வரிசையில் குந்தியிருந்த ஒருத்தர் காலை நீட்டினார். சின்னையாவோடு ஒரே தொங்கானில் மூட்டை இறக்குகிறவர். கட்டியிருந்த அழுக்குத் துணியைப் பிரித்தார். உள்ளே பச்சையாகச் சீழ் பிடித்த புண். "சுளுக்குன்னு சொல்லிட்டுத்தான் தெனம் மூட்ட தூக்குறேன். எனக்கும் பாரு, அக்கா" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் பிரித்தார். பின்னாலிருந்து இரண்டு பேர் நொண்டிக்கொண்டு முன்னே வந்தார்கள். எத்தனை பேர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நாறிக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நாற்றத்தில் சாம்பிராணிகூட எடுபடவில்லை.

மண்டோர் எழுந்து நின்றார். காலைக் காட்டுகிறவன் எவனும் நாளைக்குத் துறைமுகத்துப் பக்கம் வரவேண்டாம் என்று கத்தினார். நாளைக்குக் கல்கத்தாவிலிருந்து அரிசிக் கப்பல் வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பிரிக்கிற கைகள் ஒரு கணம் நின்றன. அப்புறம் மறுபடியும் பிரித்தன. எல்லோரையும் நிறுத்திவிட்டு அந்த அரிசியை இறக்க அவர் ஒருவரின் முதுகு போதாது.

எனக்கு வேறு வேலை வந்துவிட்டது. யாரும் துணியை வெடுக்கென்று இழுக்கக்கூடாது, கொப்புளத்தைக் கிள்ளக்கூடாது என்றேன். பொங்கல் வைக்கிற பெரிய அண்டாவை எடுத்து வரச் சொன்னேன். தண்ணீர் கொதிக்க வேண்டும், உப்பு வேண்டும், வெள்ளைத் துணி வேண்டும், சவர்க்காரம் வேண்டும். சிவப்புக் கோடு ஏறியவர்கள் இந்தப் பக்கம், அவர்களுக்கு ரிக்சா வேண்டும், நேரே ஆஸ்பத்திரி. பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். குற்றம் சுமக்கப் பிறந்தவர்கள் அவர்கள், யார் முதலில் நகர்வது என்று தயக்கம்.

முதலில் நகர்ந்தது நவமணி. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, எனக்காகக் கரைத்து வைத்திருந்த மஞ்சள் தண்ணீரை மண்ணில் கவிழ்த்துக் கொட்டினாள். காலிக் குடத்தைக் கிணற்றடிக்கு எடுத்துப் போய்க் கழுவி, நல்ல தண்ணீர் மொண்டு வந்து அண்டாவில் ஊற்றினாள். அடுப்புக்கு முன்னால் குந்தி ஊத ஆரம்பித்தாள்.

மண்டோர் அவள் பெயரைச் சொல்லி அதட்டினார். எழுந்து வீட்டுக்குப் போ என்றார்.

அவள் எழவில்லை. ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சத்தம் போடாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "ஒங்க காலு வெந்த வருஷம், நான்தான் ஈரப் பொடவையோட இந்தக் கோயிலச் சுத்துனேன். அன்னிக்கு நானும் ஒரு தப்பும் பண்ணல."

சொல்லிவிட்டு மறுபடியும் அடுப்பை ஊதினாள். மண்டோர் என்ன செய்கிறார் என்று நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. நான் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டு, முதல் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.